பினாங்கு பொட்டானிக்கல் கார்டன்: நடக்கத் தயங்கும் பெண்களுக்குத் தோதான இடம்

ஜிம்முக்குப் பணம் கட்டிவிட்டுப் பாதியில் நின்றுபோன பெண்கள் எங்கள் தாமானில் நிறையப் பேர். அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு நாள் காலை தண்ணீர்மலைப் பக்கமிருக்கும் பொட்டானிக்கல் கார்டனுக்கு வாருங்கள். 1884-இல் உருவான பூங்கா இது. நுழைவுக் கட்டணம் கிடையாது, விடியும் முன்பே திறந்துவிடுகிறார்கள்.

இங்கே யாரும் யாருடைய உடம்பையும் அளந்து பார்ப்பதில்லை, எனக்குப் பிடித்ததே அதுதான். சுடிதாரோடு சப்பாத்து போட்டு நடக்கும் அக்காமார், தூடோங் அணிந்த மலாய்ப் பெண்கள், கையை வீசி வீசி நடக்கும் சீனப் பாட்டிகள் என்று எல்லாரும் வருகிறார்கள். மூச்சு வாங்கினால் ஓரமாக உட்காரலாம்.

என் அண்ணிக்கு இனிப்புநீர். கிளினிக்கில் நடக்கச் சொன்னால், "வீட்டு வேலை செய்றேனே, அது போதாதா?" என்பார். வீட்டு வேலையும் உழைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் மூச்சு கொஞ்சம் வேகமெடுக்கிற மாதிரி வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அந்த வேகத்தில் பேச முடியும், பாட முடியாது. அண்ணியோடு நடந்தால் இதை நன்றாகப் பார்க்கலாம். நாகலிங்க மரத்தடியில் கல்யாண வீட்டுக் கதையை ஆரம்பிப்பார். சமதரையில் மாப்பிள்ளை வீட்டு விவரம் முழுக்க வரும். மேடு வந்ததும், "அப்புறம்... அவங்க அம்மா... என்ன சொன்னாங்கன்னா..." என்று வார்த்தை வார்த்தையாக வரும். அது கொஞ்சம் அதிகம். மூச்சு வேகமெடுத்தாலும் கதை தொடர்ந்து வந்தால், அதுதான் சரியான வேகம். மிச்சக் கதையைச் சொல்லவே மறுநாளும் கிளம்பிவிடுவார். நடக்கும்போது எடை, சர்க்கரை பற்றி நான் வாயே திறப்பதில்லை.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. கையில் பிளாஸ்டிக் பை இருந்தால் குரங்குகள் பிடுங்க வரும், பசியாற வாங்கியதைக் காரிலேயே வைத்துவிடுங்கள். மழை பெய்தால் பாதை வழுக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், வார நாளே நல்லது.

பூங்கா வாசல் பக்கமிருந்து பினாங்கு மலைக்குப் போகும் ஜீப் பாதை சுமார் 5 கிலோமீட்டர், நல்ல ஏற்றம். புதிதாக நடப்பவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம், முழங்கால் வலி வந்து வீட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். பக்கத்திலுள்ள முருகன் கோயிலின் 513 படிகளையும் இந்தத் தைப்பூசத்துக்கு ஏறிவிட வேண்டும் என்று அண்ணி சொல்லியிருக்கிறார். நானும் கூடப் போகிறேன்.