ஓப்பன்ஸ்டாக்ஸா, லிப்ரேடெக்ஸ்ட்ஸா?

திறந்த பாடநூலுக்கு, அதாவது யாரும் இலவசமாகப் படித்து, உரிமத்துக்கு உட்பட்டுப் பகிரக்கூடிய நூலுக்கு, மாற நினைக்கும் கல்லூரி ஆசிரியர்களுக்கு வரும் குழப்பம் இது. இரண்டுமே அத்தகைய நூல்களைத் தரும் இணையதளங்கள்.

செலவு: இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

தரம்: ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்கள் சக பேராசிரியர்களின் மதிப்பாய்வுக்குப் பிறகே வெளிவருகின்றன. அமெரிக்காவின் யூசி டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 2008இல், பலர் சேர்ந்து எழுதும் வேதியியல் விக்கியாகத் தொடங்கிய லிப்ரேடெக்ஸ்ட்ஸில் தரம் சீராக இருக்காது. வகுப்புக்குக் கொடுக்கும் முன் நீங்களே வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

மாற்றி அமைக்க: இதில் லிப்ரேடெக்ஸ்ட்ஸுக்கு ஈடில்லை. வெவ்வேறு நூல்களின் பக்கங்களைச் சேர்த்து உங்கள் பாடத்திட்டத்துக்கே ஒரு நூல் உருவாக்கலாம், அருமையான வசதி!

பகிர: ஓப்பன்ஸ்டாக்ஸின் பல நூல்களுக்கு சிசி பை (CC BY) என்ற திறந்த உரிமம், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். லிப்ரேடெக்ஸ்ட்ஸில் உரிமம் பக்கத்துக்குப் பக்கம் மாறலாம். சரிபார்க்காமல் கலக்காதீர்கள்.

முதலாண்டுப் பொதுப்பாடம், நேரமும் குறைவு என்றால் ஓப்பன்ஸ்டாக்ஸ். கல்லூரியின் மேல் ஆண்டுகளுக்கான வேதியியலுக்கு லிப்ரேடெக்ஸ்ட்ஸ்தான்.