பென்ஷன் நின்றுவிடும் என்று வந்த போன்

லண்டனிலிருந்து இந்த முறை ஊருக்குப் போய் வந்ததில் இரண்டு போன் அழைப்புகளைப் பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன். முதல் அழைப்பு திருட்டுக் கும்பலுடையது. இரண்டாவது உண்மையாகவே வங்கியிலிருந்து வந்தது. எனக்கு அதிகம் ஆத்திரம் வந்தது இரண்டாவதில்தான்.

பெரியப்பா பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நவம்பர் மாதம் பென்ஷன்காரர் வீட்டில் என்ன பேச்சு ஓடும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1ஆம் தேதியிலிருந்து 30ஆம் தேதிக்குள், உயிரோடு இருக்கிறோம் என்பதற்கான லைஃப் சர்டிபிகேட் கொடுத்தாக வேண்டும். 80 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் அக்டோபரிலிருந்தே வாங்கிக்கொள்கிறார்கள். கொடுக்காவிட்டால் பென்ஷன் நின்றுபோகும். அந்தப் பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது என்று தெரிந்துதான் கூப்பிடுகிறார்கள்.

"ஐயா வணக்கம், பென்ஷன் செக்‌ஷன்லேருந்து பேசுறோம்" என்றது குரல். நல்ல தமிழ். அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. பெரியப்பாவின் முழுப் பெயர், வேலையில் சேர்ந்த தேதி, ஓய்வு பெற்ற தேதி, பிபிஓ (பென்ஷன் வழங்கும் ஆணை) நம்பர், கணக்கு இருக்கிற கிளை எல்லாவற்றையும் அவனே வாசித்தான். பெரியப்பா ஒவ்வொன்றுக்கும் "ஆமா தம்பி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மா, ஆபீஸிலிருந்துதான் என்று முடிவே செய்துவிட்டார். வேறு யாருக்குத் தெரியும் இத்தனை விவரமும் என்பது அவர் வாதம்.

யாருக்கு வேண்டுமானாலும் தெரியலாம். அந்த பிபிஓ நகல் இத்தனை வருடத்தில் எத்தனை ஜெராக்ஸ் கடை, எத்தனை கவுன்ட்டர், எத்தனை விண்ணப்பத்தோடு போயிருக்கும்! விவரம் தெரிந்திருப்பதை வைத்து ஆளை நம்பும் காலம் எப்போதோ போய்விட்டது. லண்டனிலும் இதே கதைதான். அங்கே கூப்பிடுகிறவன் என் கார்டின் கடைசி நான்கு எண்ணோடுதான் பேச்சைத் தொடங்குவான்.

அப்புறம் விஷயத்துக்கு வந்தான். "உங்க லைஃப் சர்டிபிகேட் சிஸ்டத்துல ஏறலைங்கய்யா. இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள அப்டேட் பண்ணலேன்னா அடுத்த மாசம் பென்ஷன் வராது. இப்ப ஒரு மெசேஜ் வரும், அதுல இருக்கிற ஆறு நம்பரை மட்டும் சொல்லுங்க, நான் முடிச்சுக் குடுத்துடுறேன்."

மெசேஜ் வந்தது. நான் எழுந்து போய்ப் பார்த்தேன். புதிய போன் ஒன்றில் உங்கள் கணக்கின் மொபைல் பேங்கிங்கைப் பதிவு செய்வதற்கான ஓடிபி, யாரிடமும் சொல்லாதீர்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. லைஃப் சர்டிபிகேட் என்ற பேச்சே அதில் இல்லை. அந்த ஆறு எண்ணைச் சொல்லியிருந்தால் பெரியப்பாவின் கணக்கு அவன் போனுக்குள் போயிருக்கும். ஓடிபி வந்தால் எண்ணுக்கு முன்னால் வாசகத்தைப் படிக்க வேண்டும். எதற்காக அனுப்பினோம் என்பதை வங்கி பெரும்பாலும் அதிலேயே சொல்லியிருக்கும். ஆனால் தமிழில் விண்ணப்பம் எழுதிக் கணக்குத் தொடங்கிய மனிதருக்கு, இவ்வளவு முக்கியமான எச்சரிக்கையை ஆங்கிலத்தில் மட்டும் அனுப்பினால் அவர் எப்படிப் படிப்பார்?

நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பாவே, "பரவாயில்ல தம்பி, நாளைக்கு நான் பிராஞ்சுக்கே வந்துடுறேன். பாஸ்புக்கும் போடணும்" என்றார். பணம் சம்பந்தப்பட்ட எதையும் பாஸ்புக் கையில் இல்லாமல் அவர் பேச மாட்டார். அது அவருடைய பழைய வழக்கம்.

அங்கேதான் குரல் மாறியது. "நேர்ல வந்தா நடக்காதுங்க, ஆன்லைன் மட்டும்தான். லைனை கட் பண்ணிடாதீங்க" என்றான். மோசடியை அடையாளம் காண எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான குறி கிடையாது. நேரில் வருகிறேன் என்றால் எந்த வங்கி ஊழியரும் பதற மாட்டார், சந்தோஷமாகவே விட்டுவிடுவார். நாம் போனை வைத்தால் நஷ்டம் திருடனுக்கு மட்டும்தான். வைத்துவிட்டால் பக்கத்தில் இருக்கிறவரைக் கேட்போம், யோசிப்போம், கிளைக்குப் போவோம். போலீஸ் என்று நடித்து, 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று சொல்லி வீடியோ காலில் நாள் கணக்கில் ஆட்களை உட்கார வைப்பதும் இதற்காகத்தான். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது என்று 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் சொன்னார்.

பெரியப்பா போனை வைத்துவிட்டார். அதன் பிறகும் விடவில்லை. வேறு வேறு எண்ணிலிருந்து அடித்தார்கள். வாட்ஸ்அப்பில் வங்கியின் சின்னத்தோடு ஒரு ஃபைல் வந்தது, பெயரின் கடைசியில் ஏபிகே என்ற எழுத்துகள். அது கடிதமும் இல்லை, படிவமும் இல்லை, போனில் ஏறி உட்காரும் செயலி. அனுமதி கொடுத்து ஏற்றிவிட்டால் வருகிற மெசேஜ்களை அதுவே படித்து அனுப்பிவிடும், ஓடிபியை யாரும் கேட்கக்கூட வேண்டாம். திறக்காமல் அழித்தோம்.

லைஃப் சர்டிபிகேட் போனில் பேசி முடிகிற வேலை இல்லை என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். கிளைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கலாம். ஆதாரை வைத்துச் செய்கிற ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் சான்றிதழ் 2014 முதல் இருக்கிறது, இப்போது விரல் ரேகையோ முகமோ காட்டிச் செய்யலாம். தபால்காரர் வீட்டுக்கே வந்து செய்து கொடுக்கிறார். எதுவானாலும் ஆள் நேரிலோ கேமரா முன்போ இருக்க வேண்டும், அதற்காகத்தானே அந்தச் சான்றிதழே!

மறுநாள் வந்தது இரண்டாவது அழைப்பு. ஒரு பெண் குரல், சாதாரணப் பத்து இலக்க மொபைல் எண். "சார், பேங்க்லேருந்து பேசுறேன். உங்க கேஒய்சி தேதி முடிஞ்சிருக்கு. வெரிஃபை பண்ணணும், பிறந்த தேதி சொல்லுங்க. ஆதார், பான் ரெண்டையும் இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணிடுங்க. இல்லேன்னா அக்கவுன்ட் ஃப்ரீஸ் ஆயிடும்" என்றார். கேஒய்சி என்பது வாடிக்கையாளர் யார் என்று உறுதி செய்ய வங்கி வாங்கி வைக்கும் அடையாள விவரங்கள். பெரியப்பா, "நேத்து ஒருத்தன், இன்னிக்கு நீயாம்மா?" என்று சத்தம் போட்டு வைத்துவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆனால் பாஸ்புக் போடக் கிளைக்குப் போனபோது, அந்தக் குரல் மூன்றாவது கவுன்ட்டரில் இருந்தது. உண்மையான ஊழியர். கேஒய்சி உண்மையாகவே முடிந்திருந்தது. கிளையின் லேண்ட்லைன் வேலை செய்யாததால் சொந்தப் போனிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். மாதக் கடைசிக்குள் முடிக்கச் சொல்லிக் கையில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன், முகத்தைப் பார்த்தாலே களைப்பு தெரிந்தது. பெரியப்பாவிடம் அவர்தான் மன்னிப்புக் கேட்டார்.

அவர் தலைக்கு மேலே சுவரில், 'உங்கள் விவரங்களை யாருக்கும் போனில் தராதீர்கள், வங்கி ஒருபோதும் கேட்காது' என்று தமிழில் பெரிய போஸ்டர். கேட்கிறீர்களே! தெரியாத மொபைல் எண், கெடு, கணக்கு முடங்கும் என்ற மிரட்டல், வாட்ஸ்அப்பில் ஆதார் என்று முதல் நாள் திருடன் செய்ததில் பாதியை மறுநாள் வங்கியே செய்தது. மோசடிக்காரனுக்கு வாடிக்கையாளரைப் பழக்கிக் கொடுப்பது இந்த அழைப்புகள்தான். மேனேஜரிடம் இதைச் சொன்னேன். "எல்லா பிராஞ்சிலயும் இப்படித்தான் சார்" என்றார். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்தக் காலத்தில் இதே கிளையில் பித்தளை டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவோடு உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலும் பணம் தர மாட்டார்கள், மறுபடி போடச் சொல்வார்கள். மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து எழுந்து வந்து, "என்ன, பெரிய தொகையா எடுக்கிறீங்க, வீட்டுல விசேஷமா?" என்று கேட்பார். அன்று அது தொந்தரவாகத் தெரிந்தது. கணக்கைக் காலி செய்ய வருகிறவனை நிறுத்த அதைவிட நல்ல கேள்வி ஏது? இன்று ஏசி இருக்கிறது, பாஸ்புக் அச்சடிக்க மெஷின் இருக்கிறது, அந்தக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

பிரிட்டனில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. அங்கேயும் வங்கியிலிருந்து கூப்பிட்டுப் பிறந்த தேதி கேட்பார்கள். ஆனால் 2021 முதல் 159 என்று ஒரு எண் இருக்கிறது. அழைப்பில் சந்தேகம் வந்தால் வைத்துவிட்டு 159 அடித்தால், சேர்ந்திருக்கும் வங்கிகளில் நம்முடையது எதுவோ அதற்கே இணைத்துவிடுவார்கள். 159இலிருந்து நமக்கு அழைப்பு வரவே வராது. என் மாமியார் அந்த ஒரு எண்ணை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார். அப்புறம் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டு நாமே அனுப்பிய பணத்தையும் 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். சில விலக்குகள் உண்டு. அனுப்பிய வங்கியும் வாங்கிய வங்கியும் பாதிப் பாதி ஏற்கின்றன. தன் பணம் போகும் என்று வந்த பிறகு வங்கிகள் எவ்வளவு கவனமாகின்றன என்பதை நான் கண்ணால் பார்க்கிறேன். புதியவர் ஒருவருக்குப் பணம் அனுப்பப் போனால் கேள்வி மேல் கேள்வி.

ஊரில் ஏற்பாடே இல்லை என்று சொன்னால் அது அநியாயம். பணம் போய்விட்டது என்று தெரிந்தவுடன் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அடித்தால், அது அடுத்தடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தப் பார்க்கிறார்கள். பரிவர்த்தனை எண், தொகை, நேரம் மூன்றும் கையில் இருக்க வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் பணம் கைமாறிக்கொண்டே போகும். வங்கிக்கும் உடனே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் போட்ட விதிப்படி, வங்கியின் தவறென்றால் இழப்பு நம் தலையில் இல்லை. வெளியார் ஊடுருவலென்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்குப் பொறுப்பில்லை. ஓடிபியை நாமே சொல்லிவிட்டிருந்தால், நாம் புகார் செய்யும் வரை போனது நம்முடையது, புகாருக்குப் பிறகு போவது வங்கியுடையது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணக் கணக்கு உண்டு.

வங்கிகளின் சேவை அழைப்புகளுக்கென்று 1600 என்று தொடங்கும் எண்களையும் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மூன்றாவது கவுன்ட்டர் சொந்த மொபைலிலிருந்து கூப்பிடுகிற வரை அதனால் பெரியப்பாவுக்கு என்ன பிரயோஜனம்? அதனால் வீட்டில் ஒரே விதி வைத்தோம். யார் கூப்பிட்டாலும், உண்மையா பொய்யா என்று ஆராய்ச்சி வேண்டாம், வைத்துவிட வேண்டும். பிறகு கார்டின் பின்புறம் இருக்கும் எண்ணுக்கு நாமே அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நேரில் போக வேண்டும். கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி எடுக்கக் கூடாது, அங்கேயும் போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நம்மைப் போல வெளியே இருப்பவர்களுக்கு இன்னொன்று. என்ஆர்ஓ கணக்கில் (வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் ரூபாய்க் கணக்கு) பழைய இந்திய எண்ணைக் கொடுத்துவிட்டு, சிம்மை மேசைக்குள் போட்டு மறந்திருப்பவர்கள் உடனே பாருங்கள். நீண்ட நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுத்தி வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு உங்கள் ஓடிபியும் பணம் எடுத்த தகவலும் முன்பின் தெரியாத ஒருவர் போனுக்குப் போகும்.

கிளம்புவதற்கு முன் பெரியப்பா பெயரில் ஒரு கடிதம் கொடுத்தோம். ஊழியர்களின் சொந்த எண்ணிலிருந்து கூப்பிடக் கூடாது, கேஒய்சி நினைவூட்டல் தபாலிலோ தமிழ்க் குறுஞ்செய்தியிலோ வர வேண்டும், ஆவணங்களை வாட்ஸ்அப்பில் கேட்கக் கூடாது என்று எழுதி, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். 30 நாளில் பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம், 14448இல் விவரம் சொல்கிறார்கள். உங்கள் வீட்டுக் கிளையிலும் இப்படி நடந்தால் நீங்களும் எழுத்தில் கொடுங்கள். பெரியப்பாவின் ஒரு கடிதத்தைத் தள்ளி வைப்பது சுலபம், ஒரே கிளைக்கு இருபது பென்ஷன்காரர்கள் எழுதினால் அப்படிச் செய்ய முடியாது.