இரவு இரண்டு மணிக்கு யார் முழித்திருக்கிறார்கள்? நான் பார்த்த இரண்டு முதியோர் இல்லங்கள்

பாரிசவாதம் வந்து பெரியம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. பிள்ளைகள் கனடாவில். ஆனையிறவு தாண்டமாட்டேன் என்று அவர் ஒரே பிடி, அதனால் அதற்கு அப்பால் யாழ்ப்பாணப் பக்கம் இருக்கிற கைதடி அரச இல்லத்தை விசாரிக்கவே இல்லை. மிஞ்சியவை இரண்டு: கிளிநொச்சியில் ஒன்று, எங்கள் வீட்டிலிருந்து சைக்கிள் தூரம், வவுனியாவில் ஒன்று, ஏ9 வீதியால் பஸ் பயணம்.

கட்டடம், சாப்பாடு எல்லாம் கிளிநொச்சிதான் மேல். மாபிள் தரை, மின்விசிறியில்கூட உபயகாரர் பெயர். வெளிநாட்டிலிருந்து யாராவது நினைவு நாளுக்கென்று மதியச் சாப்பாடு கொடுத்தபடி இருப்பார்கள் (சீனி வருத்தக்காரருக்கும் அதே பாயசம்தான், அது வேறு கதை). வவுனியாவில் பழைய ஓட்டு வீடு, மத்தியானம் வேகும்.

ஆனாலும் வவுனியாவில்தான் விட்டோம். காரணம் இரவு. தானாகப் புரளமுடியாதவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் குதியிலும் இடுப்புக்குக் கீழும் படுக்கைப்புண் வரும், சீனியும் இருந்தால் அது லேசில் ஆறாது. இரண்டு இடத்துக்கும் சொல்லாமல் இரவு எட்டரைக்குப் போனேன். கிளிநொச்சியில் முப்பது பேருக்கு வாசலில் ஒரு காவலாளி, உள்ளே படுத்துவிட்ட சமையல் அக்கா, அவ்வளவுதான். வவுனியாவில் பதினான்கு பேருக்கு முறை வைத்து முழிக்கிற இரண்டு பெண்கள். கட்டில் காலில் கட்டித் தொங்கவிட்ட கொப்பியில் நேரம், எந்தப் பக்கம், பம்பர்ஸ் மாற்றியதா, கையெழுத்து. பின்னுக்குப் புரட்டினேன். தீபாவளி இரவில் இரண்டு வரி வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்பிக்கையே வந்தது. ஒரு மாதம் முழுக்க ஒரே பேனையில் ஒரே கையால் நிரம்பியிருந்தால் பயந்திருப்பேன்.

பதிவுச் சான்றிதழ் இரண்டு இடத்திலும் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. இல்லம் நடத்துபவர்கள் பதியவேண்டும் என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, நல்ல விஷயம். ஆனால் பார்வையிட வருகிற உத்தியோகத்தர் அலுவலக நேரத்தில்தானே வருவார்? மிச்ச நேரத்துக்கு நாங்கள்தான். நான் மாதம் இரண்டு தடவை போகிறேன், வவுனியாவில் இருக்கிற சித்தி நினைத்த நேரத்தில் எட்டிப்பார்க்கிறார். அப்படி ஒருவர் அங்கே இல்லாதிருந்தால் இந்த முடிவை எடுத்திருப்பேனா தெரியாது.

எனக்கு எட்டு மாத அனுபவம்தான். பெரியம்மாவுக்குப் புத்தி தெளிவு. ஞாபகம் தவறி வெளியே நடந்துவிடுகிறவர்களை வவுனியாவில் எப்படிப் பார்க்கிறார்கள் என்று நான் கண்டதில்லை, அங்கே மதில் உயரம் குறைவு. நடந்து திரிகிறவர் என்றால் நானே கிளிநொச்சியைத்தான் சொல்வேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது இருந்த குதிப்புண் மூன்றாம் மாதம் காய்ந்துவிட்டது. பெரியம்மாவுக்கு இப்போது ஒரே ஒரு முறைப்பாடுதான்: "இவளவை ஒரு இரவெண்டாலும் நிம்மதியா நித்திரை கொள்ள விடுறாளவையில்லை, மோனை."