எழுத்து முடிஞ்சுது, இனிப் பேப்பர் வேலை

தம்பியின் எழுத்துக்காக, அதாவது விவாகப் பதிவுக்காக, யாழ்ப்பாணம் போனோம். அவன் கனடாவில் இன்னும் பி.ஆர். (நிரந்தர வதிவிட உரிமை) மட்டும்தான், இலங்கைப் பாஸ்போர்ட்தான். வெளிநாட்டுப் பிரஜையாக வந்து எழுத்து வைப்பவர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும் என்று 2022இல் ஒரு விதி வந்திருந்தது; அது அவனைத் தொடவில்லை. ஆனால் பி.ஆர். காரர் கனடாவில் இருந்துகொண்டுதான் மனைவியை ஸ்பொன்சர் செய்யலாம். அதனால் அவன் முதலில் திரும்பிவிட்டான், பேப்பர்கள் என் தலையில்.

விவாக அத்தாட்சிப் பத்திரப் பிரதி பிரதேச செயலகத்தில் அன்றைக்கே கிடைத்தது. நான் வாய் திறக்க முதலே "எந்த நாட்டுக்கு?" என்று கேட்டார் அங்கிருந்தவர்! மொழிபெயர்ப்பாளர்தான் மாமாவின் பெயரைத் தன் விருப்பத்துக்கு எழுதித் தந்தார்; பாஸ்போர்ட் பிரதியைக் கையில் கொடுத்துத் திருத்தவேண்டி வந்தது. பொலிஸ் றிப்போட் இலங்கைக்கு மட்டும் போதாது. 18 வயதுக்குப் பிறகு, கடந்த 10 வருடத்தில் தொடர்ந்து 6 மாதமோ கூடவோ இருந்த நாடுகள் எல்லாவற்றுக்கும் வேண்டும். தம்பியின் மனைவி, என் மச்சாள், சென்னையில் படித்தவ, ஆகவே இந்தியாவுக்கும் எடுக்கவேணும்.

பெரிய தலையிடி ஐ.எம்.எம். 5532 படிவம். எப்படிச் சந்தித்தீர்கள், சடங்குக்கு யார் யார் வந்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்கிறது. எங்கள் பக்கம் எழுத்து முடிந்தாலும் தாலி ஏறும்வரை பெண் தாய் வீட்டில்தான். கனடா அதிகாரிக்கு இது எப்படி விளங்கும்? டவுனில் படிவம் நிரப்பித் தரும் ஒருவர், "ரெண்டு பேரும் ஒண்டா இருந்தவை எண்டு எழுதுவம், அக்கா" என்றார். காசும் நல்லாய்க் கேட்டார். பொய் பிடிபட்டால் 5 வருடத்துக்கு விண்ணப்பிக்கவே ஏலாது. அந்த 5 வருடமும் அவரா வந்து இருக்கப்போகிறார்? கனடாக் குடிவரவு வேலைக்குக் காசு வாங்க அங்கத்தைய சட்டத்தரணி, உரிமம் பெற்ற ஆலோசகர் போன்றவர்களுக்குத்தான் அனுமதி என்பதும் அவருக்குத் தெரியாததல்ல.

நாங்களே எழுதினோம். சம்பந்தம் பேசிய பெரியப்பா யார், எழுத்துக்கும் கலியாணத்துக்கும் ஏன் இடைவெளி, தாலி கட்டு எப்போது என்று தனிக் கடிதமாக உள்ளபடி வைத்தோம். மணமக்கள் மட்டும் நிற்கும் ஸ்டூடியோப் படங்களைக் குறைத்து, இரண்டு வீட்டாரும் சேர்ந்து சாப்பிடும் படங்களைக் கூட்டினோம்.

மெடிக்கலையும் இப்பவே முடிப்பம் என்று மாமி நின்றா. மெடிக்கல் செய்யச் சொல்லிக் கனடாவிலிருந்து கடிதம் வந்தபிறகு, கனடா அங்கீகரித்த டொக்டரிடம் மட்டும்தான் செய்யலாம், அதுவரை ஒரு இடமும் காசு கட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொழும்பு பஸ் ஏறினேன்.