புகைவாயு அளக்கும் கைக்கருவி: ஒரு தேயிலை ஸ்டோரில் ஐந்து வருடம்

எங்கள் ஸ்டோருக்கு இந்தக் கருவி வந்தது 2020 பெப்ரவரியில். ஸ்டோர் என்றதும் வெளியூர்க்காரர்கள் சாமான் அறை என்று நினைப்பார்கள். தோட்டத்தில் அதற்கு அர்த்தம் தேயிலைத் தொழிற்சாலை. இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரம். இரண்டு டிரையர், இரண்டு விறகு அடுப்பு, ஒரு சிம்னி. கருவி ஒரு செங்கல் அளவுதான். அதன் இரும்புக் குழாயைச் சிம்னித் துளைக்குள் விட்டால் ஒட்சிசன், விறகு அரைகுறையாக எரிந்தால் கூடும் காபனோரொட்சைட்டு, நைதரசன் ஒட்சைட்டு, புகையின் வெப்பம் எல்லாம் திரையில் வரும். பிராண்ட் பெயர் சொல்லவில்லை. இந்த வகைக் கருவிகளுக்குள் இருப்பது வாயு பட்டால் அதற்கேற்ப மின் சமிக்ஞை தரும், ஏறக்குறைய ஒரே மாதிரியான மின்வேதிக் கலங்கள்தான்.

வாங்கியதற்குக் காரணம் 2019 ஜூனில் வந்த வர்த்தமானி, நிலையான மூலங்களிலிருந்து வெளியேறும் புகை பற்றிய ஒழுங்குவிதி. 1980ஆம் ஆண்டுச் சுற்றாடல் சட்டத்தின் கீழான சுற்றாடல் பாதுகாப்பு உரிமம், நாங்கள் ஈபிஎல் என்று சொல்வது, எங்களிடம் அதற்கு முன்பே இருந்தது. ஆனால் பரிசோதனைக்கு வந்தால் சிம்னியை அண்ணாந்து பார்ப்பார்கள், விறகுக் குவியலைப் பார்ப்பார்கள், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் புகை போகிறதா என்று கேட்பார்கள். ஒழுங்குவிதி வந்த பிறகுதான் பேச்சு முழுக்க எண்ணுக்கு மாறியது. "ஒரு மெசினை வாங்கிட்டா வெளியாள் டெஸ்ட்டே தேவைப்படாதுதானே?" என்றார் தொரை, அதாவது தோட்ட மெனேஜர். நானும் தலையாட்டினேன்.

அது முழுத் தப்பு. இதே நினைப்பில் யாராவது வாங்கப் போனால் இதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டுக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

விறகு அடுப்பில் பெரிய தலைவலி தூசி. இந்தக் கருவி தூசியை அளக்காது. அதற்குச் சிம்னிக்குள் புகை எந்த வேகத்தில் போகிறதோ அதே வேகத்தில் புகையை உறிஞ்சி, முன்கூட்டி நிறுத்து வைத்த வடிதாளில் பிடித்து, திரும்ப நிறுத்துப் பார்க்க வேண்டும். பெட்டி பெட்டியாகச் சாமானோடு ஆட்கள் வருவார்கள், அரை நாள் சிம்னியில் தொங்குவார்கள். கைத்தொழில் தொழினுட்ப நிறுவனம், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை செய்யும் வேலை அது. மத்திய சுற்றாடல் அதிகார சபைக்குப் போவது அந்த அறிக்கைதான். என் கையிலிருக்கும் கருவி துப்பும் துண்டுச்சீட்டை யாரும் கேட்கவில்லை.

அப்படியென்றால் ஐந்து வருடம் ஏன் வைத்திருக்கிறேன்? ஒட்சிசனுக்காக.

முதல் வாரம் அளந்தபோது 16 வீதத்துக்குக் கீழே இறங்கவே இல்லை. வெளிக்காற்றிலேயே 20.9 தான். அப்படியென்றால் அடுப்புக்குள் போகும் காற்றில் முக்கால்வாசி எரியாமல் சும்மா சூடாகிச் சிம்னி வழியே போகிறது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. அறிக்கையில் மாசின் அளவைக் குறிப்பு ஒட்சிசனுக்கு, அதாவது ஒப்பிடுவதற்காக முன்கூட்டியே வைத்த ஒட்சிசன் வீதத்துக்கு, திருத்திப் போடுவார்கள். உதாரணத்துக்குக் குறிப்பு 8 வீதம், அளந்தது 14 என்று வையுங்கள். 21இலிருந்து இரண்டையும் கழித்தால் 13, 7. அளந்த மாசை 13/7 ஆல், அதாவது ஏறக்குறைய 1.86 ஆல் பெருக்குவார்கள். அளந்தது 16 என்றால் பெருக்கம் 2.6. அதிகக் காற்றை விட்டுப் புகையை நீர்த்துப்போகச் செய்து தப்பலாம் என்ற கணக்கு அங்கேயே அடிபட்டுப் போகிறது.

எங்கள் அடுப்பைப் பார்ப்பவர் இருபது வருட அனுபவசாலி. நான் அதே தோட்டத்து லயத்துப் பிள்ளை. தொரை பக்கத்தில் நின்றால் என்னை ஐயா என்பார், இல்லாவிட்டால் தம்பி. 16ஐக் காட்டியதும் திரையைப் பார்க்கவே இல்லை. "தம்பி, பச்ச வெறக போட்டா கதவத் தொறந்து வச்சாத்தான் எரியும். மூடினா கரும்புகை. மெசினுக்கு இது தெரியுமா?" என்றார்.

பிரச்சினை அங்கேதான் இருந்தது. தென்மேற்குப் பருவத்தில் எங்கள் பக்கம் மே தொடங்கினால் செப்டெம்பர் வரை மழை விடாது. யூக்கலிப்டஸ் கட்டைகள் லொறியிலிருந்து இறங்கி இரண்டே வாரத்தில் அடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தன. புதிதாக வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் நல்ல பங்கு போய்விடும். 2021இல் தகரக் கொட்டகையை இரண்டு மடங்காக்கினோம், பக்கம் திறந்தபடி, காற்று ஊடுருவும் மாதிரி. கட்டைகளைப் பிளந்து அடுக்கி, வந்த மாதத்தைச் சுண்ணாம்பால் எழுதி, குறைந்தது நான்கு மாதம் காய்ந்ததைத்தான் எடுப்பது என்று வைத்தோம். காய்ந்த விறகோடு கதவு மூடியே எரிந்தது, ஒட்சிசன் 11, 12க்கு வந்தது. காபனோரொட்சைட்டும் சரிந்தது. கொட்டகைக்கான செலவு கருவியை விட அதிகம், சொல்லப்போனால் தூசி அறிக்கையை மாற்றியதும் கொட்டகைதான். ஆனால் கொட்டகைக்குக் காசு கேட்கத் தொரையிடம் நான் காட்டியது கருவியின் சீட்டுகளை.

பாவிக்கும்போது நான் செய்த முட்டாள்தனம் ஒன்று. கருவியை இயக்கியதும் அது சுற்றியிருக்கும் காற்றைச் சுத்தமான காற்று என்று எடுத்துக்கொண்டு பூச்சியத்தை அமைக்கும். மழைக்குப் பயந்து அடுப்பு அறைக்குள்ளேயே வைத்து இயக்கினேன். அங்கே ஏற்கெனவே புகை. அதையே பூச்சியமாக எடுத்துக்கொண்டதால் வெளியே கொண்டு போனபோது காபனோரொட்சைட்டு மைனஸில் காட்டியது. ஒரு மாதப் பதிவு குப்பைக்குப் போனது. இப்போது கொழுந்து நிறுக்கும் இடத்துக்கு வெளியே, குடை பிடித்துக்கொண்டு இயக்குகிறோம்.

துளை விஷயம் இன்னும் கசப்பு. டவுனில் ஒரு வெல்டிங் கடைக்காரரிடம் சொன்னோம், ஏணிக்கு எட்டும் உயரத்தில் வளைவுக்கு ஒரு மீற்றர்கூடத் தள்ளாமல் துளை போட்டுவிட்டுப் போனார். அளக்கும் முறைப்படி வளைவைத் தாண்டி சிம்னி விட்டத்தின் எட்டு மடங்கு தூரம் இருந்தால் நல்லது. இரண்டு மடங்குக்கும் குறைந்தால் ஆகவே ஆகாது. எங்கள் விட்டம் 60 சென்ரிமீற்றர், அப்படியென்றால் 4.8 மீற்றர். தூசி அளக்கக் கொழும்பிலிருந்து வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துத் திரும்பிப் போனார்கள். பயணச் செலவு எங்கள் தலையில். பிறகு கைப்பிடியோடு மேடை கட்டி, மேலே சரியாகத் துளை போட்டோம். மேடை கட்டாமல் யாரையும் கூப்பிடாதீர்கள்.

கருவி தன் விலையை முழுசாகத் திருப்பித் தந்தது நான் எதிர்பார்க்காத ஓர் இடத்தில். ஒரு வருட அறிக்கையில் வளியமுக்கம் 1,013 மில்லிபார் என்று இருந்தது. எங்கள் கருவி வளியமுக்கத்தையும் காட்டும், அதன் திரை மூலையில் அன்றைக்கும் இன்றைக்கும் 877, 878 தான். கடல் மட்ட எண்ணை அப்படியே போட்டிருக்கிறார்கள். வாயுவை ஆயிரத்தில், பத்து இலட்சத்தில் இத்தனை பங்கு என்று சொல்லும்போது அமுக்கம் குறுக்கே வராது. ஆனால் தூசியை ஒரு கன மீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று நியம நிலைக்கு, அதாவது எல்லாருக்கும் பொதுவான வெப்பம், அமுக்கத்துக்கு, மாற்றும்போது வரும். அந்தப் பிழையால் எங்கள் தூசி எண் நூற்றுக்கு 13 அளவு குறைவாகத் தெரிந்தது. எங்களுக்குச் சாதகமான பிழை! இரண்டு நாள் யோசித்தோம். கடைசியில் திருத்தித் தரச் சொல்லி எழுதினோம், திருத்திய எண்ணும் எல்லைக்குள்ளேதான் இருந்தது, மயிரிழையில். அடுத்த பரிசோதனையில் உத்தியோகத்தர் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்.

பராமரிப்பு சுலபமில்லை. 2022 நடுவில் ஒட்சிசன் கலம் செத்தது. சாதாரணமாகவே இரண்டு வருடத்தில் சாகிற சாமான்தான், ஆனால் நாட்டில் டொலர் இல்லாத நேரம் அது. புதுக் கலம் வர ஏழு மாதம். முகவர் ஒவ்வொரு மாதமும் "அடுத்த மாதம்" என்றார். அந்த ஏழு மாதம் அடுப்பண்ணன் சிம்னி வாயைப் பார்த்தே ஓட்டினார், பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுப்பு மூட்டும் முதல் அரை மணி நேரம் குழாயைச் சிம்னிக்குள் விடவே கூடாது, அப்போது வரும் புகை காபனோரொட்சைட்டுக் கலத்தைத் திணறடித்துவிடும். விறகுத் தாரும் தண்ணீரும் வடிகட்டியை வெகு சீக்கிரம் அடைக்கும். வெள்ளையாக இருந்த வட்டம் மூன்றே அளவையில் தேத்தண்ணிச் சாயம் மாதிரி ஆகும். வாங்கும்போதே ஐம்பது வடிகட்டி சேர்த்து வாங்குங்கள், தனியாக வாங்கினால் விலை வேறு. வருடாந்த அளவுத்திருத்தத்துக்குக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், போய் வர மூன்று வாரம்.

பதிவுப் புத்தகம் தமிழில். அறிக்கை ஆங்கிலத்தில் போனாலும் அடுப்படியில் எழுதுவது அண்ணன், வாசிப்பது அடுத்த ஷிப்டுக்காரர். நேரம், ஒட்சிசன், விறகு எந்த மாதத்தது, கதவு எந்த நிலையில். நான்கே நிரல். முதலில் நான் பதினொரு நிரல் போட்டுக் கொடுத்திருந்தேன், இரண்டு வாரம் வெறுமையாகவே கிடந்தது.

சிறிய ஸ்டோர், ஒரே அடுப்பு என்றால் வாங்க வேண்டாம், பக்கத்துத் தோட்டத்தோடு சேர்ந்து வாங்கி மாறி மாறி வைத்துக்கொள்ளலாம். எங்களதில் இப்போது பம்பின் சத்தம் மாறியிருக்கிறது. புதுப் பம்பா, புதுக் கருவியா என்று இந்த மாதம் தொரையிடம் போக வேண்டும்.