ஒரு மதியத் தேர்வா, நான்கு வருட மார்க்கா?

நம் ஊரில் பிளேஸ்மென்ட் என்றால் வேலை. அமெரிக்கக் கம்யூனிட்டி கல்லூரிகளில் (பெரும்பாலும் இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரிகள்) அந்தச் சொல்லுக்கு வேறு பொருள்: புதிதாகச் சேர்பவரை ஆங்கிலத்திலும் கணக்கிலும் எந்த வகுப்பில் உட்கார வைப்பது என்று முடிவு செய்வது. கீழே போட்டுவிட்டால் ரெமெடியல் வகுப்புதான், அதாவது பள்ளி அடிப்படையை மறுபடி சொல்லித்தரும் வகுப்பு. அதற்கும் பணம் கட்ட வேண்டும், ஆனால் பொதுவாக அந்த கிரெடிட் பட்டக் கணக்கில் சேராது. பலர் அந்தப் படியிலேயே படிப்பை விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் அக்கறை வந்தது அதனால்தான்.

இதை முடிவு செய்யப் பல கல்லூரிகள் தேர்வு வைக்கின்றன. அவற்றில் ஒன்று, காலேஜ் போர்ட் என்ற தேர்வு அமைப்பின் அக்யுபிளேசர். அது வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றையும் சோதிக்கிறது. வாசிப்பில் 20 கேள்விகள், எழுத்தில் 25, கணிதத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் 20. மதிப்பெண் 200 முதல் 300 வரை. நேரக் கெடு கிடையாது. ஆனால் நீங்கள் சொல்லும் பதிலைப் பார்த்துத்தான் அடுத்த கேள்வி வரும், முந்தையதற்குத் திரும்பிப் போக முடியாது. கேள்விகள் குறைவு என்பதால் பதற்றத்தில் நாலைந்து தப்பானாலே வகுப்பு மாறிவிடலாம். இதில் தனியாக ஒரு கட்டுரைத் தேர்வும் உண்டு; அதைக் கணினியே திருத்தி 1 முதல் 8 வரை மதிப்பெண் போடுகிறது. ஒருவருடைய எழுத்தை மனிதர் படிக்காமலே முடிவு செய்வது எனக்கு ஒப்பவில்லை.

இன்னொரு தேர்வு, மெக்ராஹில் நிறுவனத்தின் அலெக்ஸ். இது கணக்குக்கு மட்டும். அதிகபட்சம் 30 கேள்விகள். பெரும்பாலும் நீங்களே போட்டு விடையை எழுத வேண்டும், நாலில் ஒன்றை ஊகித்துத் தப்பிக்க முடியாது. தெரியாததை 'இன்னும் படிக்கவில்லை' என்று சொல்லிவிடலாம். முடிந்ததும் எங்கே ஓட்டை என்று காட்டி, அந்தப் பாடங்களைப் பயிற்சி செய்ய வைக்கும். கல்லூரி அனுமதித்தால் மறுபடி எழுதலாம். பதினைந்து வருடம் முன்னால் படித்த பின்னக் கணக்கு இரண்டு வாரப் பயிற்சியில் திரும்பி வந்துவிடும். கணக்கைப் பொறுத்தவரை என் ஓட்டு அலெக்ஸுக்குத்தான்.

சரி, தேர்வே வேண்டாம், பள்ளி மார்க்கைப் பார்த்தால் என்ன? 2012-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கம்யூனிட்டி கல்லூரி ஆய்வு மையம் கணக்கெடுத்ததில், கணிதத் தேர்வு எழுதியவர்களில் சுமார் கால் பங்கினரும் ஆங்கிலத்தில் மூன்றில் ஒரு பங்கினரும் பெரிய அளவில் தவறான வகுப்பில் போடப்பட்டிருந்தார்கள். நான்கு வருட உயர்நிலைப் பள்ளி மார்க்கையும் சேர்த்துப் பார்த்தால் தவறு குறையும் என்றும் தெரிந்தது. அப்போது பரவலாக இருந்த காம்பஸ் தேர்வை நடத்திய ஏசிடி நிறுவனமே 2016 முடிவோடு அதைக் கைவிட்டது. கலிஃபோர்னியா 2017-இல் ஏபி 705 சட்டம் போட்டுப் பள்ளி மார்க்கை முன்னால் வைத்தது. நான்கு வருட உழைப்பு ஒரு மதியத்தைவிட அதிகம் சொல்லும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அங்கே பள்ளியில் படிக்காதவருக்கு அந்த மார்க் ஏது? கல்யாணமாகி இங்கிருந்து போய்ப் பத்து வருடம் கழித்துப் படிக்க நினைக்கும் பெண்களைத்தான் நினைக்கிறேன். முதலில் பிளஸ் டூ, டிகிரி மார்க் பட்டியலைக் கல்லூரியின் படிப்பு ஆலோசகரிடம் காட்டி, ஏற்பார்களா என்று கேளுங்கள். கலிஃபோர்னியாவில் என்றால், வழிகாட்டுதலோடு நீங்களே வகுப்பைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது. தேர்வுதான் வழி என்றால், சேரப் போன அன்றே போய் உட்காராதீர்கள். அக்யுபிளேசருக்குக் காலேஜ் போர்டே இலவச மாதிரிக் கேள்விகள் தருகிறது. அவற்றைப் போட்டுப் பார்த்த பிறகு தேதி வாங்குங்கள்.