உயர்த்திய தாரின் முன் ஆக்சில்: குரோமோலி ஷாஃப்டா, உயரக் குறைப்பா?

பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் தோட்ட வழிகளில் ஓடும் மஹிந்திரா தாருக்கு, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டபின் முன் ஆக்சில் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) போனால் என் முதல் தேர்வு குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த வலுவான எஃகு) ஷாஃப்ட் அல்ல, உயரத்தைக் குறைப்பதுதான்.

தாரின் முன்பக்கம் இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன், அதாவது இரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும். உயர்த்தும்போது டிஃபரன்ஷியல் (இரு ஷாஃப்டுக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர் பெட்டி) சேஸிஸோடு மேலே போகும், சக்கரம் தரையில் நிற்கும், நடுவில் ஷாஃப்ட் சரிந்துவிடும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டினால் 'டக் டக்' சத்தம், சக்கரத்தின் உட்புறம் தெறித்த கிரீஸ்: இரண்டும் இருந்தால் சிவி ஜாயின்ட் (ஷாஃப்டின் வளையும் மூட்டு) மேல் இருக்கும் ரப்பர் உறையான பூட் கிழிந்திருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இரண்டு பருவமழையும் உண்டு, சேறு சீக்கிரம் உள்ளே ஏறும். இங்கே குரோமோலி போட்டாலும் கோணம் மாறாது. பூட் மறுபடியும் கிழியும்.

பூட் நன்றாக இருந்து ஷாஃப்ட் மட்டும் முறுக்கி உடைந்திருக்கிறதா? சரி, அப்போது குரோமோலிக்கு நியாயம் உண்டு. பெரிய டயர், திருப்பிய ஸ்டியரிங், பாறையில் முழு ஆக்சிலரேட்டர் என்றால் சாதா ஷாஃப்ட் தாங்காது. ஆனால் ஷாஃப்ட் தாங்கினால் அந்த அடி டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் கியர்களுக்குப் போகலாம். அந்த வேலை ஷாஃப்ட் மாற்றுவதைவிடப் பெரியது.

பழைய எம்எம் 540 ஜீப்பில் முன் ஆக்சில் ஒரே துண்டு, உயர்த்தினாலும் ஷாஃப்ட் சரியாது. அதில் ஷாஃப்ட் உடைந்தால் முதலில் டயர் அளவைப் பாருங்கள்.